லூதேயின் பன்றி கீழே இறங்கிய வரலாறு

லூதேயின் பன்றி லோஃபாய்த் தீவுக்கும் மோத்துகேத் தீவுக்கும் நடுவில், கடலுக்கு மேலே ஒரு தென்னை உயரத்தில், அசையாமல் நின்றது. முன்னங்கால்கள் மோத்துகே பக்கம் நீண்டிருந்தன. பின்னங்கால்கள் லோஃபாயை உதைத்துக் கிளம்பிய வாக்கில் அப்படியே இருந்தன. லூதே பிள்ளைகளுக்காக ஒரு புத்தகம் போட்டுக்கொண்டிருந்தாள். பன்றி குதிக்கிற பக்கம்வரைக்கும் கதை வந்துவிட்டது, அதற்கு மேல் என்ன என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அதனால் பன்றியும் அங்கேயே நின்றுவிட்டது. அந்த வருஷம் கடலட்டைக்கு நல்ல விலை, கொப்பரைக்கு விலையே இல்லை.

முதல் சில நாட்கள் ஜனங்கள் கரையில் நின்று வாயைப் பிளந்தார்கள். பிறகு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். படகோட்டிகளுக்கு அது வசதியாகப் போயிற்று: பன்றிக்கு வலப்பக்கம் போனால் பாறை, இடப்பக்கம் போனால் ஆழம். அதன் நிழலில் மீன் கூடியது. தின்னாமலே அது கொழுத்தது. சாயங்காலம் காவா என்கிற வேர்ச்சாறு குடிக்க உட்காரும் ஆண்கள் அதன் வயிற்றைப் பார்த்து எடை சொல்லிச் சண்டை போட்டார்கள். போதகருக்கு மட்டும் ஒரு சங்கடம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தூண்டில் போடக்கூட அனுமதி இல்லாத ஊரில், ஒரு பன்றி பட்டப்பகலில் குதித்துக்கொண்டிருக்கலாமா? அவர் ஜெபம் பண்ணி யோசித்து, அது குதித்தது வெள்ளிக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை சும்மாதான் நிற்கிறது, சும்மா நிற்பது வேலை ஆகாது என்று பிரசங்கத்திலேயே அறிவித்துவிட்டார். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

லூதே லோஃபாய்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். அவள் புத்தகம் போடக் கிளம்பியதற்குக் காரணம் அவளுடைய மகள் சினீவா. சினீவா பால்குடி மறந்த சமயத்தில், லூதேயின் அப்பாவுக்குத் தங்கையான தோவகாசே அத்தை மோத்துகேயிலிருந்து படகில் வந்து இறங்கினாள், வேகவைத்த மீனும் கிழங்கும் தேங்காய்ப்பாலில் தோய்த்து வயிறாரச் சாப்பிட்டாள், விசிறியை மடக்கி வைத்துவிட்டு, "இவ எனக்கு" என்று பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. டோங்காவில் அத்தை கேட்டால் இல்லை என்ற சொல் கிடையாது. வேறு ஊர்களில் அத்தைக்கு மீசை முளைத்தால்தான் சித்தப்பா. இங்கே மீசை இல்லாமலே அத்தை எல்லாச் சித்தப்பாக்களுக்கும் மேலே. கல்யாண வீட்டில் உயர்ந்த பாய் அவளுக்கு, சாவு வீட்டில் உசந்த இடம் அவளுக்கு, அண்ணன் பிள்ளைகளின் வீட்டில் எது கண்ணில் பட்டாலும் அவளுக்கு. லூதேயின் புருஷன் ஹேனேலி தலையைச் சொறிந்துகொண்டு, "அத்தை கேட்டா என்ன பண்றது?" என்றான். பிறகு மாம்பழம் பறிக்கிற வேலைக்கு ஆஸ்திரேலியா போய்விட்டான். பிள்ளையை எடுத்துப்போன அன்றைக்கு லூதே சிரித்த முகத்தோடு படகுவரை போய் வழியனுப்பினாள். திரும்பி வந்து தொட்டித் தண்ணீரில் முகத்தை முக்கி வைத்துக்கொண்டு அழுதாள். கொடுத்த பிள்ளையைத் திருப்பிக் கேட்க அந்த ஊர்ப் பேச்சில் வார்த்தை கிடையாது. கேட்டவர்களும் கிடையாது.

இப்படி இருக்கையில் தலைநகரிலிருந்து ஒரு பெண்மணி வந்து, டீச்சர்களை உட்காரவைத்து, படப்புத்தகம் போடுவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் இருந்ததெல்லாம் கம்பளிக் குல்லாய் போட்ட பிள்ளைகள் பனிக்கட்டி எறிந்து விளையாடுகிற புத்தகங்கள். லோஃபாய்ப் பிள்ளைகள் அதைச் சோற்றை எறிகிறார்கள் என்று நினைத்து வருத்தப்பட்டார்கள். நம் ஊர்க் கதையை நாமே போடலாம் என்றார் அந்தப் பெண்மணி. முப்பத்திரண்டு பக்கம். முதலில் தாளை மடித்துச் சின்னதாக ஒரு மாதிரி செய்து பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், வலப்பக்கம் முடிகிற இடத்தில் பிள்ளைக்கு விரல் அரிக்க வேண்டும். 'அடுத்து என்ன?' என்று கேட்டுக்கொண்டே தாளைப் புரட்டினால் அது புத்தகம், இல்லாவிட்டால் விசிறிக்குத்தான் ஆகும். மற்ற டீச்சர்கள் தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். லூதேயின் மனசில் ஒன்று சுருக்கென்று தைத்தது. பிள்ளையைத் திருப்பிக் கேட்கத்தான் கூடாது, பிள்ளைக்குப் புத்தகம் அனுப்பக் கூடாது என்று எந்த மூதாதையும் சொல்லி வைக்கவில்லையே.

வீட்டுக்குள் சுவருக்குச் சுவர் தூண்டில் நரம்பைக் கட்டி, துணி கவ்விகளால் தாள்களை வரிசையாக மாட்டினாள். கதைக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. அவள் வீட்டுப் பெண் பன்றி, கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும், வற்றுத் தண்ணீரில் இறங்கிச் சிப்பி தோண்டித் தின்னும். தின்று முடித்ததும் எதிரே தெரியும் மோத்துகேயைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதையே வரைந்தாள். முதல் பக்கத்தில் கணுக்கால் தண்ணீர், அடுத்ததில் முட்டி, அடுத்ததில் வயிறு. ஒவ்வொரு தாளுக்கும் பன்றி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிற்று. தூரத்துக் கரையில் ஒரு சின்னப் பெண் நின்றாள், முதலில் புள்ளியாக, பிறகு பாவாடையோடு, பிறகு முகத்தோடு. மகளின் முகத்தை சர்ச்சு விசேஷங்களில் தூர நின்று பார்த்த அளவுக்குத்தான் லூதேவுக்குத் தெரியும், அதை நினைவில் வைத்து வரைந்தாள். கடைசியில் பன்றி குதித்தது. அந்தத் தாளை நரம்பில் மாட்டிய அன்றைக்குச் சாயங்காலம்தான் நிஜப் பன்றியும் பாறையிலிருந்து குதித்து மேலே நின்றுபோயிற்று.

லூதே சளைத்தவள் இல்லை. பன்றி போய் இறங்கியது, பெண் அதன் முதுகில் ஏறினாள், இரண்டு பேரும் லோஃபாய்க்கு வந்து சேர்ந்தார்கள் என்று வரைந்து மாட்டினாள். ஓடிப்போய்க் கரையில் பார்த்தாள். பன்றி ஒரு காதை மடக்கிக்கொண்டது, அவ்வளவுதான். பெண் தோணி கட்டி வந்தாள் என்று மாற்றினாள். அலை கொண்டுவந்தது என்றாள், ஆமை கொண்டுவந்தது என்றாள். காலையில் பள்ளிக்கூடம் போகும்முன் ஒரு முடிவு, சாயங்காலம் வந்து ஒரு முடிவு. மை தீர்ந்தால் மரப்பட்டைத் துணிக்குப் பூசுகிற சாயத்தைக் கரைத்துக்கொண்டாள். ஊரும் சும்மா இருக்கவில்லை, ஆளுக்கு ஒரு முடிவு கொண்டுவந்தது. போதகர் சொன்ன முடிவில் பன்றி மனம் திரும்பி, தானாகவே நடந்து வந்து, நன்றிப் பலியாகக் குழியடுப்பில் படுத்துக்கொண்டது. காவா குடிக்கிறவர்களின் முடிவிலும் குழியடுப்புதான், ஆனால் வயிற்றுக்குள் என்ன வைத்துத் தைப்பது என்பதில் இரண்டு கட்சி இருந்தது. "பன்னிக் கதைக்கு வேற முடிவு என்ன டீச்சர் இருக்கு?" என்று அவர்கள் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார்கள். வகுப்புப் பிள்ளைகளிடம் தாள்களைக் காட்டினால் அவர்கள் 'அடுத்து என்ன?' என்று ஒருநாளும் கேட்கவில்லை. "கீழ வந்தா யாருக்கு டீச்சர்?" என்றுதான் கேட்டார்கள். பங்கு பிரித்தே வளர்ந்த பிள்ளைகள். லூதே அதைக் காதில் வாங்காமல், பயிற்சியில் சொன்னபடியே 'அடுத்து என்ன' என்று தேடிக்கொண்டிருந்தாள். இப்படியே இரண்டு மழைக்காலம் போயிற்று.

மே மாதத்தில் சர்ச்சில் பிள்ளைகளுக்கென்று கொண்டாடுகிற ஞாயிறு முடிந்த வாரம் தோவகாசே அத்தை வந்தாள். நல்ல கனத்த உடம்பு, படகு ஒரு பக்கம் சாய்ந்தே வந்தது. பின்னால் சினீவா, ஆறேழு வயசுப் பெண்ணாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அத்தை நேராக உள்ளே வந்து நல்ல பாயாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

"அடியே லூதே, கெட்டில் புதுசா?"

"ஆமா அத்தை. போன மாசம் வாங்கினது."

"நல்லா இருக்கு. படகுல ஏத்தச் சொல்லு" என்றாள் அத்தை. அந்த விஷயம் அதோடு முடிந்தது. "சரி, அந்தப் பன்னி சமாச்சாரத்துக்கு வர்றேன். எங்க ஊர்ல புது சர்ச்சு திறக்கிறாங்க. நாலு தீவு ஜனம் சாப்பிட வருது. இவ்வளவு பெரிய பன்னி தலைக்கு மேல தொங்கறப்ப நான் எங்க போய்ப் பன்னி தேடுவேன்? அது எனக்கு."

"அது இன்னும் இறங்கலையே அத்தை. கதை முடிஞ்சாதான் இறங்கும்."

"உன் கதை எப்ப முடியிறது, எங்க சர்ச்சு எப்பத் திறக்கிறது? சனிக்கிழம எங்க ஆளுங்க கயிறு போட்டு இழுக்கப் போறாங்க. இழுத்தும் வரலேன்னா ஏணி போட்டு அங்கயே வெட்டிக் கறியா இறக்கிடுவோம்."

"கிழட்டுக் கறி அத்தை. நாரா இருக்கும்."

"உன் வாய விடவாடி நாராயிருக்கப் போவுது?" என்று சொல்லி அத்தை உடம்பு குலுங்கச் சிரித்தாள். அவளிடம் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. கேட்டதெல்லாம் கிடைத்துப் பழகிய மனுஷி, அவ்வளவுதான்.

இதற்குள் சினீவா நரம்பில் தொங்கிய தாள்களை ஒன்று ஒன்றாகப் பார்த்துக்கொண்டே வந்துவிட்டாள். கடைசியில் நின்றாள். "லூதே அக்கா, இது எங்க ஊருக் கரைதான? இந்தப் புள்ள யாரு?"

அக்கா என்ற சொல் லூதேவுக்கு நெஞ்சில் முள்ளாக இறங்கியது. "அது... கதையில வர்ற புள்ள."

"பன்னி கீழ வந்தா யாருக்கு?"

லூதே கடைசித் தாளின் கவ்வியைச் சரிசெய்தாள். சினீவா உதட்டைப் பிதுக்கிவிட்டு, அத்தையின் கையைப் பிடித்துப் படகுக்குப் போய்விட்டாள்.

பன்றி கறியாகிவிட்டால் புத்தகமும் போயிற்று, மகளிடம் போய்ச் சேர லூதேவுக்கு இருந்த ஒரே வழியும் போயிற்று. அவள் இதை வெளியில் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னாலும் யாருக்கும் புரிந்திருக்காது. அழுதுகொண்டிருக்கவும் நேரம் இல்லை. வியாழக்கிழமை மதிய இடைவேளையில் வேப்ப மரம் மாதிரி குடைவிரித்து நின்ற ஈரப்பலா மரத்தடியில் பிள்ளைகள் விருந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் இலையைப் பாயாக விரித்தான், ஒருத்தி சிப்பியைப் பன்றியாக வைத்து வெட்டினாள், இருக்கிற எல்லாரும் ஓடியாடி வேலை செய்தார்கள். பல் விழுந்த ஒரு குட்டிப் பெண் மட்டும் கல்மேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் சிப்பியும் இலையும் குவிந்திருந்தன.

"நீ என்னடி ஒரு வேலையும் செய்யாம உக்காந்திருக்க?" என்றாள் லூதே.

"நான் அத்தை மக, டீச்சர். நான் வேலை செய்ய மாட்டேன். எனக்கு எல்லாரும் குடுக்கணும்."

லூதே அப்படியே நின்றாள். அத்தைக்கு உள்ள உரிமை அத்தையோடு போவதில்லை, அத்தை பெற்ற பிள்ளைக்கும் அது உண்டு. தாய்மாமன் வீட்டில், மாமன் பிள்ளைகளின் வீட்டில், அவள் கை வைத்ததெல்லாம் அவளுக்கு. இது அங்கே பல் முளைக்காத குழந்தைக்கும் தெரிந்த கணக்கு. தோவகாசே சினீவாவை எடுத்துக்கொண்ட அன்றே லூதே பெற்ற மகள் லூதேயின் அத்தை மகளாகிவிட்டாள். இத்தனை வருஷமாக எதை நினைத்து அவள் அழுதாளோ, கதவு அங்கேதான் இருந்திருக்கிறது. அவளோ பன்றியை அனுப்பினாள், ஆமையை அனுப்பினாள், பிள்ளையை யாராவது கொண்டுவந்து தருவார்கள் என்று தாள் தாளாகப் பிச்சை கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கிற உரிமை அவளுக்கு எப்போது இருந்தது? அது அந்தக் கரையில் பாவாடையோடு நின்றுகொண்டிருக்கிற பெண்ணுக்கு அல்லவா இருக்கிறது!

அன்று மாலையே பழைய முடிவுகளையெல்லாம் அடுப்பில் போட்டுவிட்டுப் புதிதாக வரைய உட்கார்ந்தாள். பெண் கையை நீட்டி, "இது எனக்கு" என்கிறாள். தாளைப் புரட்டினால் பன்றி இறங்குகிறது. பெண் பன்றியோடு கடலைக் கடந்து எதிர்த்தீவில் ஒரு வீட்டுக்குப் போகிறாள். பாய் எனக்கு. கெட்டில் எனக்கு. ஈரப்பலா மரம் எனக்கு. கடைசிப் பக்கத்தில் அந்த வீட்டு வாசலில் லூதேயின் சாயலில் ஒரு பெண்பிள்ளை நிற்கிறாள். அந்தப் பக்கத்தில் என்ன எழுதுவது என்று லூதே வெள்ளிக்கிழமை முழுக்க யோசித்தாள். எழுதத் தெரியாமல் இல்லை. தான் எழுதி சினீவா படித்தால் அது தன் ஆசையாகத்தான் இருக்குமே ஒழிய அவளுடைய பேச்சாக இருக்காது. வேண்டாம் என்றால் வேண்டாம், என்னை அவள் கேட்காமல் போனாலும் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தப் பக்கத்தை எழுத்தில்லாமல் விட்டுத் தைத்து முடித்தாள்.

சனிக்கிழமை மோத்துகேக் கரையில் திருவிழாக் கூட்டம். குழியடுப்பில் கல் காய்ந்துகொண்டிருந்தது. ஆண்கள் பன்றியின் காலில் கயிற்றை வீசிக் கட்டி, பாட்டுப் பாடி இழுத்தார்கள். பன்றி வரவில்லை, இழுத்தவர்கள்தான் மணலிலிருந்து ஒரு முழம் மேலே போனார்கள். கயிற்றை விட்டபிறகு கீழே வந்தார்கள். அடுத்து இரண்டு படகைச் சேர்த்துக் கட்டி அதன்மேல் ஏணியை நிறுத்தினார்கள். கத்தி தீட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது லூதே படகிலிருந்து இறங்கினாள். மூத்தவர்கள் முன் வருகிற மரியாதைக்கு இடுப்பில் பாய் சுற்றியிருந்தாள். அத்தை நாற்காலியில் இருந்தாள். லூதே அவளுக்குக் கீழே மணலில் உட்கார்ந்து, புத்தகத்தைச் சினீவாவிடம் நீட்டினாள்.

"என் அத்தை மகளுக்குக் கொண்டுவந்தேன்" என்றாள்.

அத்தைக்குப் பெருமை தாங்கவில்லை. "படிச்சுக் காட்டு, ஜனங்க கேக்கட்டும்" என்றாள். சினீவா எழுந்து நின்று விரலை எழுத்தின்மேல் ஓட்டி ஓட்டி உரக்கப் படித்தாள். கூட்டம் சாப்பாட்டை மறந்து கேட்டது. ஏணியில் ஏறியவன்கூடப் பாதியில் நின்று கேட்டான். பன்றி குதிக்கிற பக்கம் வந்தது. சினீவா தாளைப் புரட்டினாள்.

"இது எனக்கு" என்று படித்தாள்.

பன்றி இறங்கியது. தொப்பென்று விழவில்லை. மாடிப்படியில் இறங்குகிற கனத்த பெண்பிள்ளைபோல ஒவ்வொரு காலாக வைத்து, ஏணிக்காரனைத் தாண்டி, தண்ணீரில் இறங்கி, கரையேறி, சினீவாவின் பக்கத்தில் வந்து உடம்பைச் சிலுப்பிக்கொண்டு படுத்தது. கத்தி வைத்திருந்தவன் அத்தையைப் பார்த்தான்.

"அவ படிச்சா, கேக்கல" என்றாள் அத்தை.

"கேட்டேன்மா" என்றாள் சினீவா. "இது எனக்கு. வெட்டக் கூடாது." கத்திக்காரன் கத்தியைக் கீழே போட்டுவிட்டான். அத்தை மகள் தனக்கென்று எடுத்ததை வெட்ட அவனுக்கு என்ன பைத்தியமா? அத்தை விசிறியை வேகமாக வீசினாள். கொஞ்ச நேரம் கழித்து யாரையோ கூப்பிட்டுத் தன் வீட்டுப் பன்றிகள் இரண்டை அடிக்கச் சொன்னாள்.

சினீவா மேலே படித்தாள். பாய், கெட்டில், ஈரப்பலா. ஒவ்வொன்றுக்கும் லூதே மணலில் இருந்தபடியே சரி சரி என்று தலையசைத்தாள். கடைசிப் பக்கத்தைப் புரட்டிய சினீவா விரல் வைக்க எழுத்தைத் தேடினாள், இல்லை. படத்தைப் பார்த்தாள். படத்தில் இருந்த பெண்பிள்ளையைப் பார்த்தாள். பிறகு தலையைத் தூக்கி லூதேயைப் பார்த்தாள்.  சொல்லிவிடலாம் என்று லூதேவுக்கு நாக்கு துடித்தது, உதட்டை உள்ளே மடித்துக்கொண்டாள். 

"அம்மா" என்றாள் சினீவா அத்தையிடம். "அத்தை மக எதக் கேட்டாலும் குடுக்கணும், இல்ல?"

"ஆமா. எதக் கேட்டாலும்" என்றாள் தோவகாசே. சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"அப்ப லூதே அக்கா எனக்கு."

அத்தை விசிறியை மடக்கினாள். முகம் சிவந்தது, கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. வாழ்நாளில் முதல் தடவையாக அவள் கெஞ்சுகிற குரலில், "எவ்வளவு நாளைக்குடி செல்லம்?" என்றாள்.

"எடுத்தா எடுத்ததுதாம்மா. திருப்பித் தர்றதுக்கா எடுக்கிறது?" என்றாள் சினீவா. லூதேயின் கையைப் பிடித்து மணலிலிருந்து எழுப்பிவிட்டாள். லூதே அத்தனை ஜனங்களுக்கு நடுவில் வாய்விட்டு அழுதாள். அத்தையும் கூடவே அழுதாள், அவரவர் காரணம் அவரவருக்கு. போதகர் ஜெபம் ஆரம்பித்ததால் எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

லூதே அங்கேயே தங்கிவிட்டாள். லோஃபாய்ப் பள்ளிக்கூடத்துக்கு வேறு டீச்சர் வந்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பிய ஹேனேலி பூட்டிய வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு, விசாரித்து, படகு பிடித்து மோத்துகே போய்ச் சேர்ந்தான். அவனையும் எடுத்துக்கொள்வதா என்று சினீவா ஒரு வாரம் யோசித்தாள். புத்தகம் தலைநகரில் அச்சுக்குப் போனபோது, கடைசிப் பக்கத்துக்கு எழுத்து எங்கே என்று கேட்டு அனுப்பினார்கள். அதைப் படிக்கிற பிள்ளை சொல்லும் என்று லூதே பதில் அனுப்பினாள். பன்றி நின்ற இடம் காலியாகிவிட்டதால் படகோட்டிகள் கொஞ்ச நாள் பாறையில் மோதினார்கள். பிறகு அங்கே ஒரு மிதவையைக் கட்டினார்கள். பன்றி வற்றுத் தண்ணீரில் சிப்பி தோண்டிக்கொண்டு, நாள் முழுக்கச் சினீவா வீட்டைச் சுற்றியே கிடந்தது. குதிக்க அதற்கு அவசியம் இருக்கவில்லை.